தண்ணியில்லாக் காட்டில் ஒரு தண்ணிக்கல்

அரசாங்க உத்தியோகஸ்தர்களை மிரட்டுவதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு வாசகம் உண்டு: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்.” அந்தக் காடு எங்கள் இராமநாதபுரம் ஜில்லாதான். மாற்றலாகி வந்தவர்கள் ஆள் பிடித்து எப்படியாவது திரும்பிப் போய்விடுவார்கள். நாங்கள் ஒரு குற்றமும் செய்யாமலே அங்கே பிறந்து, அங்கேயே இருந்தோம். பரமக்குடியில் பஸ் ஏறினால் நயினார்கோவில் வரைக்கும் சீமைக்கருவேலம், நடுநடுவே கண்மாய். கண்மாயில் தண்ணீர் கிடப்பது ஐப்பசியும் கார்த்திகையும் மனது வைத்தால்.

அந்த ஊரில் வளர்ந்த நான் இப்போது சென்னையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து அதில் ஒரு கல்லைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். கத்தி தீட்டுகிற ஜப்பான் கல். யோகோஹாமாவில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்தான். “அப்பா, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் ஊறணும். எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க” என்று சொல்லிக்கொடுத்தான். என் மனைவிக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. “துணி ஊற வைக்கவே லாரித் தண்ணிக்குப் போன் பண்ண வேண்டியிருக்கு. இவரு கல்லை ஊற வைக்கிறாராம்” என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

எங்கள் அப்பத்தாவிடம் இருந்த வெட்டுச் சாமான்கள் மூன்று: அருவாமனை, விறகு தறிக்கிற அருவாள், பாக்குவெட்டி. கத்தி என்பது கறிக்கடையிலும் முடிவெட்டுகிறவர் பெட்டியிலும் இருக்கிற வஸ்து, அடுப்படிக்கு வராது. அருவாள் திருப்பாச்சேத்தியிலிருந்து வந்தது. சினிமாக்காரர்களுக்குத் திருப்பாச்சேத்தி அருவாள் என்றால் வெட்டுக்குத்து. எங்களுக்கு அது கருவேலமுள் கழிக்கிற சாமான். லாரியின் வில்லுப்பட்டையைக் காய்ச்சி அடித்து, பதம் ஏற்றி, பட்டறையிலிருந்து வரும்போதே ‘என்னைத் தீட்டிப் பார்’ என்கிற முறைப்போடு வரும்.

அதைத் தீட்ட அப்பத்தா கடைக்குப் போய்க் கல் வாங்கியதில்லை. வாய் மழுங்கிப்போனால் முதலில் அம்மியின் பக்கவாட்டில் நாலு இழுப்பு. அம்மி கொத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தால் இரும்பை அது கரகரவென்று தின்னும். அடுத்து கிணற்றடித் துவைகல். வருஷக்கணக்கில் சோப்பும் துணியும் தேய்த்து மேனி சமமாகியிருக்கும். பாக்குவெட்டிக்கு மட்டும் கடைசியாக ஒரு மரியாதை: ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, மெருகு ஏறாத அந்தப் பீங்கான் அடிவளையத்தில் இரண்டே இரண்டு தடவல். பிறகு கட்டை விரலைக் குறுக்கே வைத்து ஒரு பார்வை. மகன் எனக்கு விளக்கப் படம் போட்டுச் சொன்ன பாடமும் இதுதான்: முரடுக்கு 220, நடுத்தரத்துக்கு 1000, மெருகுக்கு 6000. அம்மி, துவைகல், ஜாடி. அப்பத்தா நம்பர் போடவில்லை, அவ்வளவுதான். தண்ணீரும் ஊற வைக்கிற அளவுக்குச் செலவில்லை. விரலால் தொட்டுத் தெளிப்பதோடு சரி.

சாணைக்காரர் வருவது திருவிழாவுக்குத் திருவிழா. “சாணை பிடிக்கிறதேய்... கத்தி, கத்திரி, அருவாமனை சாணை பிடிக்கிறதேய்...” சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே மிதிப்பார், முன்னால் சக்கரம் சுற்றும், பொறி பறக்கும். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி நிற்போம். பட்டாசு இல்லாத மாதங்களில் எங்களுக்குக் கிடைத்த மத்தாப்பு அது. தீபாவளிக்கு முந்தின நாளும் பக்ரீத்துக்கு முந்தின நாளும் அவருக்கு வெள்ளாமை. சக்கரத்தில் சொட்டவிடத் தண்ணீர் கேட்பார். “ஆத்தா, ஒரு செம்புத் தண்ணி. இரும்பு சூடேறிட்டா பதம் போயிரும்.” அப்பத்தா அரைச் செம்பு கொடுத்துவிட்டு, “மீதியக் குடிச்சிராத, எடுத்தா” என்பாள். சூடு ஏறினால் எஃகின் பதம் இறங்கும் என்பது இன்றைக்கும் உலோகவியல் பாடம். ஒரு செம்புத் தண்ணீர் எங்கள் பக்கம் என்ன விலை என்பது அதில் இல்லாத பாடம்.

அவர் தகப்பனார் காலத்தில் சக்கரத்தையும் தாங்களே செய்துகொண்டார்களாம்: குருந்தக்கல்லைப் பொடித்து, சலித்து, அரக்கில் குழைத்து உருட்டுவது. குருந்தம் என்பது இயற்கையில் கிடைக்கிற அலுமினியம் ஆக்சைடு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அதற்குப் பேர்போன இடம். (அந்த வட்டாரத்துப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் தயாரித்தார்கள்.) ஜப்பான் நடுத்தரக் கற்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இரும்பைத் தின்கிற சரக்கும் அதே அலுமினியம் ஆக்சைடு, உலையில் செய்தது. ஆக, சாணைக்காரர் சைக்கிளில் ஏற்றிவந்த சரக்கை நான் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரச் செய்திருக்கிறேன்.

கோவிலில் மொட்டை போடுகிறவர்கள் வைத்திருந்தது வேறு வித்தை. நயினார்கோவில் நாகநாதர் சந்நிதிக்கு இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் வருவார்கள். மொட்டையும் காதுகுத்தும் கூட்டம் கூட்டமாக நடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற தீட்டுக்கல், அப்புறம் தோல்வார். பத்துத் தலைக்கு ஒரு தடவை கத்தி வாரில் ஏறி இறங்கும், சட்சட்டென்று. என் தங்கைக்கு அந்தச் சத்தம் கேட்டதுமே அழுகை வந்துவிடும். இன்று பாதி பிளேடு செருகுகிற பிடிதான், தலைக்குத் தலை புதுசு. சுகாதாரத்துக்கு நல்லது, சந்தேகமில்லை. தீட்டுக்கல்லைக் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை நாங்கள்தான்.

ஆனால் கூர் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இவர்கள் யாருமில்லை. பனையேறிகள்.

சாயல்குடிப் பக்கம் அம்மாவுக்கு உறவு. கோடை விடுமுறைக்கு அங்கே அனுப்பினால் பதநீர்ப் பருவம் நடக்கும். பனையேறி காலையும் மாலையும் ஏறுவார். ஒவ்வொரு தடவையும் பாளையின் நுனியை ஒரு சீவல் சீவ வேண்டும், வெற்றிலையைவிட மெல்லிசாக. தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். மழுங்கின அருவாளால் சீவினால் வெட்டுவாய் நசுங்கி, சாறு ஊறுவது தடைப்படும். கீழே கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டம்மாவுக்கு அன்றைக்குப் பானை நிறையாது. ஆகவே தினமும் தீட்டு. மரத்தடியில் ஒரு பலகை சாத்தியிருக்கும், நடுவில் பள்ளம் விழுந்த பலகை. அதன்மேல் வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்த வெள்ளைப் பொடியைத் தூவி, பாளை அருவாளை இப்படியும் அப்படியும் புரட்டித் தேய்ப்பார். கல்லே கிடையாது, மரமும் பொடியும்தான். வெங்கச்சங்கல் எஃகைவிடக் கடினம், மரம் அதைவிட மிருது. பொடி மரத்தில் லேசாகப் பதிந்துகொண்டு இரும்பை வழித்தெடுக்கும். முதலில் முரடாக இருக்கிற பொடி தேய்க்கத் தேய்க்கத் தானே நைந்து, கடைசியில் மெருகுக்கு வந்து நிற்கும். 220-இல் தொடங்கி 6000-இல் முடிகிற ஒரே கல் அது.

‘தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்’ என்று நன்றி கெட்டவனைத் திட்டுவோமே, அந்த மரம் இந்தப் பலகைதான். மேடையில் இதைப் பேசுகிற அரசியல்வாதிகளில் எத்தனை பேர் பலகையைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு குறும்பு ஆசை உண்டு, கேட்டுப் பார்க்க.

சரி, கல்லுக்கு வருகிறேன். மகன் கொண்டுவந்தது ‘கிங்’ 1000. பார்த்தால் செங்கல். ஜப்பானில் பள்ளிக்கூடப் பட்டறை தொடங்கித் தச்சர் வீடுவரை புழங்குகிற பழைய பேர். மிருதுவான கல், தேய்க்கத் தேய்க்கச் சேறு கக்கும். அந்தச் சேற்றைக் கழுவிவிடக் கூடாது, வேலை பார்ப்பதே அதுதான். பழைய துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வரும், உதிர்ந்தது நைந்து மெருகு கொடுக்கும். பனையேறியின் பலகையைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று முதல்நாளே நினைத்துக்கொண்டேன். நஷ்டம் என்னவென்றால் கல் சீக்கிரம் நடுவில் குழிந்துபோகும். குழிந்தால் ஜப்பான்காரனுக்குப் பொறுக்காது. வைரத்தூள் ஒட்டிய தகட்டால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அந்தத் தகடு கல்லைவிட விலை. அம்மி கொத்துகிறவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு படி கம்போடு போய்விடுவார்.

நானாக ஆசைப்பட்டு வாங்கியது ‘ஷாப்டன்’ 1000, ஆரஞ்சு நிறம். இதை ஊறவே வைக்கக் கூடாது, தெளித்தால் போதும். இறுக்கமான கல், குழிவது மெதுவாக. வேகமாகவும் தின்கிறது. எங்கள் ஜில்லாவுக்கு ஏற்ற கல் இதுதான் என்பது என் தீர்ப்பு. இராமநாதபுரத்துக்காரர் எவராவது கேட்டால் யோசிக்காமல் இதையே சொல்வேன். ஆனால் கைக்கு வருகிற சுகம் கிங்கில்தான். ஷாப்டனில் கத்தி கண்ணாடிமேல் போகிற மாதிரி வழுக்குகிறது. இரும்பு கரைவது கைக்குத் தெரிவதில்லை. கிங்கில் ஒவ்வொரு இழுப்பும் விரலுக்குத் தகவல் சொல்லும். இரண்டிலும் நம்பர் 1000-தான், துகள் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனாலும் இரண்டும் வேறு வேறு சுபாவம். துகளை எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். மூன்றாவதாக ‘நனிவா’ ஒன்றையும் ஒரு நண்பர் இரவல் தந்தார். அருமையான கல். அதிக நேரம் ஊறினால் காயும்போது விரிசல் விடும் என்று பயமுறுத்தியும் தந்தார். இரவல் பொருளை வைத்துக்கொண்டு பயந்து சாக முடியாது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் நம்மூர்க் கல் இல்லாமலில்லை. இரும்புக்கடையில் கேட்டால் ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நைசு என்று கறுப்புக் கார்போரண்டம் கல் எடுத்துத் தருவார்கள். எட்வர்ட் ஆச்சிசன் என்ற அமெரிக்கர் 1891-இல் உலையில் தற்செயலாகக் கண்ட சிலிக்கன் கார்பைடு அது. 1954-இல் திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். 1985-இல் ஜில்லாவை மூன்றாகப் பிரிக்கும்வரை பள்ளத்தூரும் இராமநாதபுரம் ஜில்லாதான். ஆக, தீட்டுகிற தொழிலில் எங்கள் ஜில்லா உலகத்துக்குப் பின்தங்கியிருக்கவில்லை. சமையலறைக் கத்தியின் சாதாரண ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு அந்தக் கறுப்புக் கல்லே தாராளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகன் காதில் விழாத தூரத்தில்.

இனி இப்போதைய நிலவரம். எங்கள் சென்னை வீட்டு அலமாரியில் கத்திகள் வரிசையாக இருக்கின்றன: தக்காளிக்கு ஒன்று, ரொட்டிக்குப் பல் வைத்தது ஒன்று, மகன் கொண்டுவந்த ஜப்பான் கத்தி ஒன்று. ஜப்பான் கத்தியைப் பதினைந்து டிகிரி கோணத்தில் தீட்டி, காகிதத்தை நெடுக வகிர்ந்து காட்டினேன். என் மனைவி பார்த்துவிட்டு, “ரொம்பக் கூராயிருக்குங்க, கை பட்டா என்ன ஆகுறது” என்று துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். காய் வெட்டுவது எப்போதும் போல மழுங்கல் கத்தியில். வெங்காயம் நசுங்கினால் கண்ணில் தண்ணீர் அதிகம் வரும் என்று விளக்கினேன். இந்த வீட்டில் அதற்கு வெங்காயம் தேவையில்லை என்றாள். இதற்கிடையே காய் நறுக்கியே பாக்கெட்டில் வருகிறது, மீனைக் கடையிலேயே வெட்டித் தருகிறார்கள், தேங்காய்கூடத் துருவி வருகிறது. தீட்டியதை எதில் பரிசோதிப்பது என்று தெரியாமல் பழைய பேப்பரை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆடித் திருவிழாவுக்கு நயினார்கோவில் போனபோது கிங்கையும் பையில் வைத்துக்கொண்டேன். அம்மி பின்வாசலில் சருகுக்கு அடியில் கிடந்தது. கிரைண்டரும் மிக்ஸியும் வந்த பிறகு அதைக் கொத்தவும் ஆளில்லை, தேய்க்கவும் ஆளில்லை. ஊருக்குக் காவிரிக் குடிநீர் குழாயில் வருகிறது, வருகிற நாளில். சித்தியிடம் சொல்லி ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, அதில் கல்லை ஊறவிட்டு, அவருடைய பிளாஸ்டிக் பிடிக் கத்தி, திருவிழாக் கடைக் கத்தி எல்லாவற்றையும் தீட்டிக்கொடுத்தேன். அருவாளின் உள்வளைவுக்குத் தட்டையான கல் ஒத்துவரவில்லை. அதை வழக்கம்போலத் துவைகல்லிலேயே இழுத்தேன். வேலை முடிந்ததும் கல்லை நிழலில் உலரட்டும் என்று கிணற்றடியில் வைத்துவிட்டுச் சாமி பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தால் சித்தி துவைகல்லில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, என் ஆயிரம் நம்பர் கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பித்தவெடிப்பு.

“சித்தி, அது ஜப்பான்லேர்ந்து வந்த கல்லு!”

“அதான் பார்த்தேன். நல்லா நொர கக்குதுய்யா. ஆனா ரொம்ப வழுவழுங்குது, வெடிப்புல பிடிக்க மாட்டேங்குது. இதுலயே கொஞ்சம் சொரசொரன்னு இருந்தாத் தேவல.”

இருநூற்றிருபது இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். தீபாவளிக்கு வரும்போது சித்திக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று.