கோள் சொன்னவன் மேல என்ன குத்தம்?

வா மருமோனே, இரி. சாயா சொல்லட்டா? காசு நீ குடுப்பியேன்னு கேட்டேன். காரை எங்க நிறுத்தியிருக்கே? ரப்பர் விளைக்குள்ள, சருகு மேலயா? ஓடிப் போய் ரோட்டோரம் எடுத்துப் போட்டுட்டு வா. இம்புட்டு தூரம் ஓடி வந்த வண்டி, அடிவயித்துல ஒரு அடுப்பு கனன்னுக்கிட்டு கெடக்கும். காஞ்ச இலை பட்டா பத்திக்கிடும். பின்ன ஒனக்கு காரும் இல்ல, எனக்கு விளையும் இல்ல.

ஆச்சா? இப்பம் சொல்லு. சென்னையில ஓடின 2014 மாடல் வண்டி சல்லிசாக் கெடச்சுதுன்னு திருவட்டாறு ஜங்ஷன் முழுக்க சொல்லிக்கிட்டு நடந்தே. ஒரு மாசத்துல மஞ்ச விளக்கு எரிஞ்சுது. ஒர்க்ஷாப்புல மிஷினை மாட்டினான், பி0420-ன்னு ஒரு கோடு காட்டிச்சு. பின்னால உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டிட்டு புதுசு போட்டான். நாலு நாளு விளக்கு அணைஞ்சு கெடந்தது, அஞ்சாம் நாளு மறுபடியும் எரிஞ்சாச்சு. அது அப்படித்தான் வரும். கோடை அழிச்சா வண்டியோட மூளை பழசையெல்லாம் மறந்துட்டு முதல்ல இருந்து சோதிக்கும். ஒரு தடவை தப்பு கண்டா மிண்டாது. அடுத்த ஓட்டத்திலயும் அதையே கண்டாத்தான் விளக்கைப் போடும். புது சென்சாரால ஒனக்குக் கெடச்சது நாலு நாளு நிம்மதியாக்கும்.

நம்ம ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிட்டிருக்கியா, இல்ல பாயசத்துக்கு மட்டும்தான் போவியா? 22 அடி நீளத்துல படுத்துக் கெடக்காரு. ஒரு வாசல்ல நின்னா முழுசும் காணக் கிட்டாது. திருமுகத்துக்கு ஒரு வாசல், உடம்புக்கு ஒண்ணு, பாதத்துக்கு ஒண்ணு. ஒன் ஒர்க்ஷாப்காரன் பாதத்தை மட்டும் பாத்துட்டு பெருமாளுக்குக் காலுல தீனம்னு மருந்து போட்டுட்டான்.

அந்த 0420 சென்சாருக்குள்ள கோடு இல்ல பிள்ளே. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யது பத்தாதுன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவன்தான் பின்னால இருக்கிற சென்சார். தோட்டத்துல ஒட்டுப்பால் களவு போவுதுன்னு சொன்ன கணக்கப்பிள்ளையை வேலையை விட்டுத் தூக்கினா களவு நிக்குமா? இந்தக் கோள்காரன் ஒனக்கு வாய்ச்சதே சென்னை வண்டிங்கறதாலதான். பாரத் ஸ்டேஜ் 4 புகைச் சட்டம் அங்க 2010-லயே வந்தாச்சு. 2013-ல இருந்து, கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு வண்டியே பாத்துக்கிடணும்னும் ஆக்கினான். நம்ம பக்கத்துக்கு ஸ்டேஜ் 4 வரும்போ 2017.

கன்வெர்ட்டர்னா என்ன? சைலன்ஸர் குழாய்க்கு முன்னால ஒரு தகரக்குடம், உள்ள பீங்கான்ல தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா. அதுல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். ஒன் கல்யாண மோதிரத்தை விட ஒசந்த சரக்கு. கூடவே சீரியம்னு ஒண்ணு உண்டு, அது பத்தாயம் மாதிரி. புகையில ஆக்சிஜன் கூடினா வாங்கி வைக்கும், குறைஞ்சா எடுத்துக் குடுக்கும். அந்த வரவுசெலவுலதான் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் புகையும் ஒதுங்கிப் போறது.

இதை எப்படிப் பாக்கணும்னா, குலசேகரம் வரை ஒரு ஓட்டம் போயிட்டு வா. சென்சாருக்கு 300 டிகிரி சூடு ஏறாம அது வாயைத் திறக்காது. பிறவு வண்டியை நிறுத்தி 2500 ஆர்.பி.எம்.ல பிடிச்சுக்கிட்டு ஸ்கேனர்ல ரெண்டு சென்சாரையும் ஒண்ணா பாரு. முன்னால உள்ளது 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையில தவளை மாதிரித் துள்ளணும். பின்னால உள்ளது 0.6, 0.7 பக்கம் அனங்காம கெடக்கணும். பின்னால உள்ளவனும் கூடவே துள்ளினா பத்தாயத்தைக் கறையான் தின்னாச்சு, வந்த நெல்லு வந்தபடியே வெளிய போவுது. (சில வண்டியில முன்னால வேற மாதிரி சென்சார் உண்டு, அது துள்ளாது. அதைக் கண்டு பேடிச்சுராதே.)

துள்ளினதும் கன்வெர்ட்டரை மாத்தணும்னு ஓடாதே. குழாய் மூட்டுல கரி அப்பியிருக்கா, காலம்பற ஸ்டார்ட் பண்ணும்போ உஸ்ஸுன்னு சத்தம் வருதான்னு பாரு. அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள ஏறினா சென்சார் பொய்க்கணக்கு எழுதும். ஒன் வீட்டுல எலித் தொந்தரவு உண்டே, வயரையும் தடவிப் பாத்துக்கோ.

அடைப்பு வேற கூத்து. எனக்கே பட்டிருக்கு. பேச்சிப்பாறை ஏத்தத்துல என் பழைய வண்டிக்குப் புல்லிங்கே இல்லாம, கிளட்ச் போச்சுன்னு நானே முடிவு பண்ணி மாத்தினேன். காசும் போச்சு, வண்டி அப்பவும் ஏறல்ல. சிரிக்காதே. மாத்தூர் தொட்டிப்பாலத்துல, 115 அடி ஒசரத்துல தண்ணி போவுதே, நடுவுல ஒரு தடி விழுந்து அடைச்சா எங்க பொங்கும்? வாற பக்கம்தானே? என் வண்டியில தேன்கூடு உருகி அடைச்சு, புகை எஞ்சினுக்கே திரும்பிக்கிட்டு இருந்தது. முன் சென்சாரைக் கழட்டி அந்தத் துளையில பிரஷர் கேஜ் மாட்டினா தெரிஞ்சுபோவும். சும்மா ஓடும்போ ஒண்ணரை பி.எஸ்.ஐ.க்கு மேல, 2500-ல மூணுக்கு மேல காட்டினா அடைப்புதான். வண்டி நல்லா ஆறின பிறவு ரப்பர் சுத்தியலால தட்டியும் பாரு. சிரட்டைக்குள்ள கல்லு கெடந்த மாதிரி கிலுங்கினா உள்ள உடைஞ்சு கெடக்கு.

உள்ளதை இடிச்சு எடுத்துட்டு வெத்துக் குழாய் போட்டாப் போதும்னு ஒருத்தன் சொல்லுவான், நீயும் நம்புவே. விளக்கு அணையாது, சட்டத்துக்கும் ஆவாது. புகைச் சோதனையில ஒன் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ள நிக்கணும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள்ள. எங்க நிக்கும்? மாத்தித்தான் தீரணும்னா மாத்து, ஆனா பழசைக் கேட்டு வாங்கிட்டு வா. பிளாட்டினம்னு சொன்னேன்லா, ஆக்கர்காரனுக்கு அதோட விலை தெரியும்.

இனி பெருமாளோட திருமுக வாசல், எஞ்சின். கன்வெர்ட்டர் தானாச் சாவறது கொறவு, கொன்னவன் எஞ்சினுக்குள்ளதான் இருப்பான். பிளக்கோ காயிலோ மிஸ்ஸிங் அடிச்சா எரியாத பெட்ரோல் தேன்கூட்டுக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கும். ஆயில் குடிக்கிற எஞ்சினா இருந்தா ஆயில்ல உள்ள பாஸ்பரஸ் மெள்ள மெள்ளப் பூசி மூடிரும். கொன்னவனை உள்ள வச்சுக்கிட்டு புதுசு போட்டா அவன் அதையும் கொல்லுவான்.

ஆமா, போன மாசம் எத்தனை லிட்டர் ஆயில் ஊத்தினே?

என்ன, மிண்டாட்டம்? போய் டிப் ஸ்டிக்கை எடுத்துத் தொடைச்சு, மறுபடி விட்டு எடு. இங்க காட்டு. கீழ்க் கோட்டைத் தொடக்கூட இல்ல, நுனியில ஒத்தைச் சொட்டு நிக்குது. சாயாக் காசைக் குடுத்துட்டு பானெட்டைத் திறந்தபடியே வை மருமோனே, பிளக் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வாறேன்.