எம்டனுக்கு எத்தனை புகைபோக்கி?

கேள்வி: கடலே இல்லாத கரிசக்காட்டில் உட்கார்ந்து போர்க்கப்பல் மாடல் செய்கிறேன். ஊரே சிரிக்கிறது. என்ன பதில் சொல்ல?
– இடைசெவல் வாசகர்

பதில்: ஓட்டப்பிடாரமும் கரிசல்தான் என்று சொல்லுங்கள். அங்கே பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். சிரித்தவர் வாயை மூடிக்கொள்வார்.

கேள்வி: முதலில் எந்தக் கப்பல் செய்யலாம்?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: எம்டன். 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அதே எம்டன்தான்! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். ரெவெல் கம்பெனி இதை 350இல் ஒரு பங்கு அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. அசல் 118 மீட்டர். உங்கள் மேசையில் ஒரு ஸ்கேலும் இரண்டு விரற்கடையும். தளத்தில் ஒரு மாலுமியை நிறுத்தினால் கம்புமணியைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

கேள்வி: கிட்டில் மூன்று புகைபோக்கி. தாத்தாவோ நான்கு என்கிறார். யார் சொல்வது சரி?
– எட்டயபுரம் மாணவன்

பதில்: இரண்டும் சரி தம்பி. கப்பலுக்கு மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பலான யார்மவுத் என்று பார்க்கிறவர்கள் நம்பட்டும் என்று கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார். அந்த வேஷத்தோடுதான் அக்டோபர் 28 விடியலில் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து, ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தார். அதனால் எந்த நாளின் எம்டனைச் செய்யப் போகிறாய் என்று முதலில் முடிவு செய். வண்ணமும் அதைப் பொறுத்ததே: போருக்கு முன் வெள்ளை, வேட்டைக்கு வந்தபோது சாம்பல். நான்காவது புகைபோக்கிக்குத் தீப்பெட்டி அட்டை போதும். அதற்கு நம்மூரில் பஞ்சமா?

கேள்வி: ஆடி மாதம் பெயிண்ட் அடிக்கலாமா?
– கயத்தாறு வாசகர்

பதில்: வேண்டாம். அம்மியையே நகர்த்தும் காற்று, உங்கள் ஈரப் பெயிண்டில் ஊர்ப் புழுதியை எல்லாம் ஒட்டிவிட்டுப் போகும். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைகளை அப்போது முடியுங்கள்.

கேள்வி: வயர்லெஸ் கம்பிக்குத் தையல் நூல் கட்டினேன். வடக்கயிறு மாதிரி தெரிகிறது!
– விளாத்திகுளம் வாசகர்

பதில்: பருத்தி நூலில் பிசிர் நிற்கும். பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து உருட்டுங்கள். நடுவில் பளபளத்துத் தொய்யும். உடனே சுடரைவிட்டு விலக்கி, ஒரே சீராக இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். ஆறும்வரை விறைப்பாகப் பிடித்திருங்கள். கம்பி வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கோகோஸ் தீவின் வயர்லெஸ் நிலையத்தை நொறுக்கப் போன இடத்தில்தான், அந்த நிலையம் அனுப்பிய செய்தியைக் கேட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து, 1914 நவம்பர் 9இல் எம்டனை முடித்தது.