ராஜா ஏற்றுமதி

(இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அவிநாசிபாளையத்திலிருந்து. அவிநாசி அல்ல. அவிநாசியில் புறப்பட்டுத் திருப்பூரைக் கடந்து வரும் சாலை போய் முடிகிற ஊர். தபால் பிரிப்பவர்களும் கவனிக்க.)

கட்டிங் மாஸ்டர் ஒருவர்: எங்க முதலாளி மெஷின் பார்க்கத் துருக்கி போனாருங்க. அங்கே ஹங்கேரி இளவரசர் ஒருத்தர் இருந்த வீட்டைப் பார்த்துட்டு வந்து, ஒரு வாரமா அதே பேச்சு. ஹங்கேரிக்காரருக்குத் துருக்கியில என்னங்க வேலை?

ஒரு வேலையும் இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமே. இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்சி, ஹங்கேரியின் மிகப் பெரிய நிலக்கிழார். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசரை எதிர்த்து 1703 முதல் 1711 வரை சண்டை போட்டுத் தோற்றார். விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தால் மன்னிப்பு உண்டு என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போலந்து, பிரான்ஸ் என அலைந்தவரை 1717-இல் துருக்கி சுல்தான் அழைத்துக்கொண்டார். ஹங்கேரியின் நடுப்பகுதியை அதற்கு முன்பு சுமார் 150 வருடம் பிடித்து வைத்திருந்ததும் இதே துருக்கியர்தான். அடைக்கலம் தேடுகிறவர் பழைய கணக்கைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. மறு வருடமே ஆஸ்திரியா சமாதானம் பேச வந்து, ஆளை ஒப்படை என்றது. சுல்தான் ஒப்படைக்கவில்லை.

1720 முதல், 1735-இல் கண்மூடும் வரை, மர்மரா கடலோர ரொடோஸ்டோவில் இருந்தார். இன்றைக்கு அந்த ஊர் டெகிர்தா. அவர் குடியிருந்த இடத்தில் மிஞ்சியது அவருடைய சாப்பாட்டு வீடு. அதைத்தான் ஹங்கேரி அரசு வாங்கிச் சீர்செய்து, 1932-இல் மியூசியமாகத் திறந்தது.

உங்கள் முதலாளி அந்தப் பக்கம் ஏன் போனார் என்பதும் புரிகிறது. அதே மாகாணத்துச் சோர்லு, செர்கெஸ்கோய் வட்டாரம் துணி ஆலையும் சாய ஆலையுமாக நிறைந்தது. அங்கே சாயக்கழிவில் எர்கெனே ஆறு பட்ட பாட்டை நொய்யல்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

செக்கிங் வாசகி ஒருவர்: பதினஞ்சு வருஷம் சும்மா எப்படிங்க இருந்தார்?

சும்மா இல்லை அம்மா. ஜெபம், எழுத்து, மிச்ச நேரத்தில் தச்சு வேலை. நாற்காலி செய்த இளவரசர்! ஆனால் எனக்குப் பிடித்தவர் அவர் இல்லை, கூடவே போன உதவியாளர் கெலெமென் மிகேஷ். கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் அத்தைக்கு எழுதுவதுபோல் 207 கடிதம் எழுதினார். சாப்பாடு, பிளேக் நோய், சலிப்பு, வம்பு எல்லாம் அதில் உண்டு. அத்தைதான் கிடையாது. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. அந்தக் கடிதங்கள் இன்று ஹங்கேரிய இலக்கியத்தின் செல்வம். இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளை நானே எழுதிக்கொள்வதாகச் சந்தேகப்படும் வாசகர்கள், இந்தச் செய்தியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும்.

ஓவர்லாக் டெய்லர் ஒருவர்: நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ராஜா யாரும் வரலீங்களா?

வராமலா? வேலூருக்குப் போங்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், பிறந்தபோது கண்ணுசாமி, மதுரை நாயக்கர் உறவு வழி. 1815 பிப்ரவரி 18-இல் பிடிபட்டார். மார்ச் 2-இல் கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தம் போட்டார்கள். அவருடைய ஆண் உறவினர் யாரும் கண்டி மண்ணில் கால் வைக்கக்கூடாது என்பதும் அதில் ஒரு ஷரத்து. அடுத்த வருடம் கப்பல் ஏற்றி, மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டைக்குள் குடும்பத்தோடு வைத்தார்கள். 1832 ஜனவரி 30-இல் கண்மூடும் வரை அங்கேதான்.

ராகோட்சி விருந்தாளி, இவர் கைதி. அந்த வித்தியாசம் இன்றுவரை தொடர்கிறது. ராகோட்சி வாழ்ந்த வீட்டை அவர் நாடு காசு கொடுத்து வாங்கியது. கண்டி அரசருக்குப் பாலாற்றங்கரையில் சமாதி இருந்த இடத்தில் 1990-இல் முத்து மண்டபம் எழுப்பியது நம் தமிழக அரசு. வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்ற பேரில் ஒரு கட்டடம் இருக்கிறது. கொழும்பில், அவரை அடைத்து வைத்ததாக ஒரு சின்ன அறையைக் காட்டுகிறார்கள். ஆங்கிலேயர் கொண்டுபோன சிம்மாசனம் 1934-இல் திரும்பி வந்து கொழும்பு மியூசியத்தில் நிற்கிறது. மனுஷன் மட்டும் திரும்பவில்லை. இலங்கைக் கொடியில் வாள் பிடித்து நிற்கும் சிங்கம் அவர் கொடியிலிருந்து வந்ததுதான். சிங்கம் வேண்டும், சொந்தக்காரர் வேண்டாம்!

அதே டெய்லர், மறுபடியும்: கொடுமைக்கார ராஜாங்கிறாங்களே, அவருக்கு மண்டபம் எதுக்குங்க?

ஆமாம், கொடுமை செய்தார். 1814-இல், தன்னை விட்டு ஆங்கிலேயர் பக்கம் போன எஹெலபொல என்ற அமைச்சரின் மனைவி, குழந்தைகளைக் கொன்றார். அதை மழுப்ப முடியாது. கண்டி ஏரியை வெட்டியவரும் அவர்தான். இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வது அந்த ஏரிக்கரையில்தான். நல்லவருக்கு மட்டும்தான் நினைவிடம் என்று சட்டம் போட்டால் நாட்டில் பாதி சிலைகளை இறக்க வேண்டிவரும். ராகோட்சியையே 1715-இல் அவர் நாட்டு நாடாளுமன்றம் துரோகி என்று சட்டம் போட்டு எழுதியது. 1906-இல் அதை நீக்கிய பிறகுதான் எலும்பைக் கொண்டுவந்து இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் கொஷிட்சே தேவாலயத்தில் வைத்தார்கள். யாருக்கு எப்போது தேவைப்படுகிறாரோ, அப்போது துரோகி தியாகியாகிவிடுகிறார். கண்டிக்காரருக்கு அப்படி ஒரு தேவை ஊரில் வரவில்லை. காட்டிக்கொடுத்தவர்களும் அதே ஊர்க்காரர்கள், அவ்வளவுதான் காரணம்.

காஜா பட்டன் வாசகர்: வேலூரில்தான் எல்லா ராஜாவையும் அடைச்சாங்களா?

திப்புவின் பிள்ளைகளை அங்கே வைத்து, 1806 ஜூலையில் சிப்பாய்கள் புரட்சி செய்ததும் பயந்து கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இடம் காலி. பத்து வருடத்தில் கண்டியார் வந்தார்.

பேக்கிங் வாசகர்: எங்க சரக்கு மாதிரி ராஜாக்களையும் ஏற்றுமதி செஞ்சிருக்காங்க போல?

ஏற்றுமதி, இறக்குமதி இரண்டும்! டில்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபரை 1858-இல் ரங்கூனுக்கு அனுப்பினார்கள். பர்மாவின் கடைசி மன்னர் திபாவை 1885-இல் பிடித்து மதராஸ் வழியாக ரத்னகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு 1910-இல் கட்டிக்கொடுத்த அரண்மனை இப்போது மியூசியம். இவர் சமாதி இங்கே, அவர் சமாதி அங்கே. கணக்கு நேர். டிராபேக் கிளைம் செய்தார்களா என்று தெரிந்தால் எழுதுகிறேன்.

அக்கவுண்ட்ஸ் வாசகி ஒருவர்: ராகோட்சிக்கு இப்போ ஹங்கேரியில் மதிப்பு எவ்வளவுங்க?

சரியாக 500. ஐந்நூறு ஃபோரின்ட் நோட்டில் அவர் முகம்தான் இருக்கிறது. அந்த நோட்டுக்கு நம்ம எஃப்.ஓ.பி. விலையில் ஒரு பனியன் ஒருவேளை வரலாம். அதே பனியனை புடாபெஸ்ட் கடையில் கேட்டால் லேபிளை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள்.