லீவு மகாத்மியம்

2020 அக்டோபர் 12 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஓர் அற்புதம் நிகழ்த்தினார். மத்திய அரசு ஊழியர்கள் ஊர் பார்த்துவரத் தரப்படும் எல்.டி.சி. பயணச் சலுகையை, எந்த ஊரையும் பார்க்காமலே வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். பயணக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு தொகைக்குப் பொருள் வாங்க வேண்டும். அந்தப் பொருளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாவது இருக்க வேண்டும். பணத்தை டிஜிட்டலாகக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். கொரோனா காலம், யாரும் எங்கும் போக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காஷ்மீர் போகக் காத்திருந்தவனிடம் ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொள் என்று சொல்ல ஓர் அரசாங்கத்துக்குத்தான் தைரியம் வரும். கதவைத் திறந்தால் குளிர்கிறதே, அப்புறம் என்ன குறை?

அந்த அரசு ஊழியரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் நாம். அவருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. 300 நாள் வரை சேர்த்து வைக்கலாம். முந்நூறு நாள்! நிதானமாக இந்தியாவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஒருவர் சுற்றியிருக்கிறாரா? அந்த முந்நூறு நாளையும் முட்டைமேல் கோழி மாதிரி காத்து, ஓய்வு பெறும் அன்று காசாக்கி, மகள் கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். கேட்டால், 'எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ணணும் தம்பி' என்பார்.

தனியாருக்கு வருவோம். ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் கடைகளுக்குப் பங்காளிகள்தாம். அவற்றுக்குப் பொருந்துவது 1947-இன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு உழைத்தால் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, நோய்க்கு 12, அவசரத்துக்கு 12 என்பது அதன் கணக்கு. கம்பெனிகள் பெருந்தன்மையாக இன்னும் சில நாள் சேர்த்துக் கொடுக்கின்றன. கொடுப்பது வேறு, எடுக்க விடுவது வேறு. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தின் லீவு போர்ட்டலில் காரணம் கேட்டு ஒரு பட்டியல் விரியும்: மருத்துவம், திருமணம், பிரசவம், மரணம், இதர. காசிக்குப் போகிறவனும் காங்டாக் போகிறவனும் 'இதர' ஆட்கள். அந்த 'இதர'வைத் தொட்டால் மேனேஜர் கூப்பிடுவார்.

"என்னப்பா, இருபது நாளா? கல்யாணமா?"

"இல்ல சார்."

"வீட்ல யாருக்காவது முடியலையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார். வடகிழக்குப் பக்கம் போய்ட்டு வரலாம்னு..."

"நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் எதுக்கு லீவு?"

கடைசியில் நான்கு நாள் கிடைக்கும், மடிக்கணினியும் கூடவே வரும். எல்லாருக்கும் அதே நான்கு நாள், அதே தீபாவளி, அதே பொங்கல். அதனால் மொத்தத் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் ஊட்டிக்கு ஏறுகிறது. மலை தாங்காது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. ஆக, மேனேஜரிடம் ஓர் அனுமதி, மலையிடம் ஓர் அனுமதி. இரண்டும் கிடைத்து மேலே போனவன், தங்கும் விடுதியின் கழிவறைக்குப் பக்கத்தில் சிக்னல் தேடிக்கொண்டு 'ஒரு க்விக் கால்' பேசுகிறான். இதற்கு 'வொர்க்கேஷன்' என்று பெயர் வைத்து, புரட்சி என்று விற்றார்கள். நாமும் வாங்கினோம்.

இதே கம்பெனிக்குப் பாரிஸில் ஒரு கிளை இருக்கும். அங்கே உள்ளவருக்கு ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை, சட்டப்படி. அது போதாதென்றால், ஆறு ஆண்டு வேலை அனுபவமும் அதே நிறுவனத்தில் மூன்று ஆண்டும் ஆனவர், ஆறு முதல் பதினொரு மாதம் வரை நீள்விடுப்பு கேட்கலாம். சம்பளம் கிடையாது, ஆனால் திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்கு இணையான வேலையோ காத்திருக்க வேண்டும், சம்பளமும் குறையக் கூடாது. எதற்காகப் போகிறாய் என்று கேட்க முதலாளிக்கு உரிமை இல்லை. ஆகஸ்ட் வந்தால் அவர் கடற்கரைக்குப் போய்விடுவார். அவருடைய மின்னஞ்சலுக்குத் தானியங்கி பதில் வரும்: அவசரமென்றால் சென்னை டீமைத் தொடர்பு கொள்ளவும். சென்னை டீம் என்பது யார்? இருபது நாள் கேட்டு நான்கு நாள் வாங்கினானே, அவன்தான். அவருடைய விடுமுறையை இவன் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து நடத்திக் கொடுக்கிறான். ஒரே லோகோ, ஒரே டி-ஷர்ட், 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று ஒரே போஸ்டர். இந்தக் குடும்பத்தில் மருமகள் யார் என்பதில் மட்டும் குழப்பமே இல்லை.

நமக்கும் நீண்ட பயணம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு ஆன்சைட் என்று பெயர். நியூ ஜெர்சியில் பதினெட்டு மாதம் இருந்துவிட்டு வந்தவரிடம் கேளுங்கள். அபார்ட்மெண்ட், அலுவலகம், எடிசனில் மளிகை, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், நயாகரா முன்னால் ஒரு படம். அமெரிக்கா முடிந்தது.

சரி, இந்தப் பேலன்ஸ் எல்லாம் வேண்டாம், வேலையை விட்டுவிட்டே போகிறேன் என்கிறீர்களா? 'அவசரப்படாதே, அஞ்சு வருஷம் முடியட்டும், கிராஜுவிட்டி வரும்' என்பார் மாமா. 'மொதல்ல ஒரு கால்கட்டைப் போடு, அப்புறம் ரெண்டு பேருமா எங்க வேணாலும் போங்க' என்பார் அம்மா. கால்கட்டு என்று பெயர் வைத்துக்கொண்டே எங்க வேணாலும் போகச் சொல்லும் கருணை வேறெந்த நாட்டில் உண்டு? பெண்ணாக இருந்தால் இன்னும் சுலபம்: மாமியாரிடம் கேட்டுக்கொள் என்பார்கள். இதையெல்லாம் தாண்டினால் 90 நாள் நோட்டீஸ். கம்பெனி உங்களை அனுப்ப நினைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் அடையாள அட்டை செத்துவிடும். நீங்கள் போக நினைத்தால் மட்டும் மூன்று மாதம் விடைபெற வேண்டும்.

போய்விட்டும் வந்துவிட்டீர்கள். அடுத்த இன்டர்வியூ. உங்கள் ரெஸ்யூமேயில் ஒரு பேனா இறங்கி, இரண்டு தேதிகளுக்கு நடுவே வட்டம் போடும்.

"இந்த எட்டு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ட்ராவல் பண்ணேன் மேடம்."

"அது ஓகே. என்ன பண்ணீங்க?"

விவரம் தெரிந்த நண்பர்கள் அப்படியெல்லாம் உண்மை சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் என்று சொல்லச் சொல்வார்கள். உடனே அந்தப் பேனா நகர்ந்துவிடும், குரலில் பரிவு வந்துவிடும். ஒருவன் எட்டு மாதம் உலகத்தைப் பார்த்ததை மறைக்க, நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும் அப்பாவின் நெஞ்சைப் பிளக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேவலத்தைத்தான் 'புரொஃபஷனலிசம்' என்கிறார்கள்.

விசா அலுவலகம் இந்த அலுவலகத்துக்கு அண்ணன். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு மனுப் போட்டால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி ரிட்டர்ன், எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளி கொடுத்த லீவு கடிதம் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பி வருவாய் என்பதற்கு உன் நாற்காலிதான் ஜாமீன். வேலை இருந்தால் லீவு கிடையாது. வேலையை விட்டால் விசா கிடையாது. வழி கேட்டால் இரு பக்கமும் ஒரே உபதேசம்: பேலன்ஸ் பண்ணிக்கோங்க.

உபதேசிகளுக்கா பஞ்சம்? 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்கு ஏலம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பீர்கள் என்றும் விசாரித்தார். நம் சட்டமன்றம் மட்டும் சளைத்ததா? 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்று, அதையும் தொழிலாளருக்குப் பரிசாக அறிவித்தார்கள். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு மடம். லடாக்கில் பைக்கை நிறுத்தி, 'வேலையை உதறுங்கள், வாழ்க்கை அழைக்கிறது' என்று ரீல்ஸ் போடும் தம்பிகள். அவர்கள் ஜாக்கெட் விளம்பரம், ஹெல்மெட் விளம்பரம், பைக்கும் பெரும்பாலும் விளம்பரம். சொந்தமாக இருப்பது அப்பா கட்டிய வீடு மட்டும். முதல் மடம் உன் நாளைப் பிடுங்கும். இரண்டாவது மடம் மீதி உள்ள சம்பளத்தை மாதத் தவணையில் பிடுங்கும். இருவருக்கும் காணிக்கை போடுவது ஒரே ஆள்.

கொச்சியில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' நடத்திய விஜயன், மோகனா தம்பதி டீ விற்ற காசில், கடன் வாங்கி, அடைத்து, மறுபடி வாங்கி 26 நாடுகள் பார்த்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் இறந்தபோது நாடே உருகியது. 'கனவு இருந்தால் போதும்' என்று கார்ப்பரேட் கூட்டங்களில் அவர் படத்தைத் திரையில் போட்டார்கள். அவருக்குக் கனவு மட்டுமா இருந்தது? அவருக்கு ஹெச்.ஆர். இல்லை. கடையைச் சாத்திவிட்டுப் போனார், வந்து திறந்தார். அந்த ஒரு சின்ன விவரத்தை ஸ்லைடில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நமக்கென்று அரசாங்கம் ஒரு வயது குறித்து வைத்திருக்கிறது, கவலை வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60. அறநிலையத் துறை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. நல்ல திட்டம்தான், தகுதி வயது 60 முதல் 70. ஆக, உத்தியோகம் உங்களை விட்ட பிறகு ஊர் பார்க்கச் சரியாகப் பத்து ஆண்டு. முழங்கால் மட்டும் ஒத்துழைக்க வேண்டும். ஓ.எம்.ஆர். பிள்ளைகளுக்கு அந்தப் பயமும் இல்லை. நாற்காலியை விட்டு எழவிட்டால்தானே முழங்கால் தேயும்?