"பழைய மாதிரி இல்ல": ஒரு வாக்கியத்தின் தோன்றா எழுவாய் குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

வாக்கியத்தில் வெளிப்படாமல் மறைந்து நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்பர் இலக்கணத்தார். "வந்தான்" என்றால் "அவன்" என்பது தானே விளங்கும். ஒருவருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சிறப்பாக ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், "பழைய மாதிரி இல்ல" என்றொரு வாக்கியம் பல்லாண்டுகளாக எழுவாய் இல்லாமலே நடமாடி வருகிறது. ஓய்ந்துபோன நகைச்சுவைத் தொடர் ஒன்றை யாராவது தூசு தட்டி மறுபடி எடுத்தால், பார்த்தவர் வாயில் முதலில் வருவது இதுதான். இரண்டாவதாக வருவது கொட்டாவி. "எது பழைய மாதிரி இல்ல?" என்று கேட்டால் கேட்டவனைத்தான் மேலும் கீழும் பார்க்கிறார்கள். அந்த எழுவாயைத் தேடிப் பிடிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. மூலமும் மறுபதிப்பும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. நூல் என்றது உபசார வழக்கு. லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனுக்காக வின்ஸ் பவல் எழுதிய இத்தொடர் 1977 டிசம்பர் 30 அன்று தொடங்கி, 29 பகுதிகள் ஓடி, 1979இல் நின்றது. பல நாட்டுக்காரர்கள் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறார்கள். பிரௌன் வாத்தியார் படாத பாடு படுகிறார். கதை இவ்வளவே. பிறநாட்டாரை இழிவுபடுத்துகிறது என்று கருதி நிறுவனத்தின் மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார். இழிவுபட்டதாகச் சொல்லப்பட்ட நாடுகளோ தொடரை விடவில்லை. இந்தியாவில் 1993இல் 'ஜபான் சம்பால்கே' என்று இந்தியிலேயே ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

பேராக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் உறவு கொண்டாடினார்கள். சீனப் பெண் சூ லீயாக நடித்த பிக்-சென் லிம் பினாங்கில் பிறந்தவர். ஆகவே பக்கத்து ஊர்ப் பிள்ளை. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர் என்று தெரிந்ததும், அந்தத் தலைப்பாகைக்குள் இருப்பது "நம்ம ஆளு" என முடிவாயிற்று.

மறுபதிப்பு 1986இல் வந்தது. அந்த "நம்ம ஆளு"தான் தயாரிப்பாளர். 13 பகுதிகள். இங்கிலாந்திலேயே எல்லா வட்டாரங்களும் அதை ஒளிபரப்பவில்லை. அலியாக நடித்த டினோ ஷஃபீக் 1984இல் காலமாகியிருந்தார். அலி இல்லாததுதான் குறை, ஆகவே எழுவாய் அலியே என்பது ஒரு கட்சி. அக்கட்சி ஐந்தாம் இயலில் மறுக்கப்படும்.

3. முன்னோர் கொள்கை

நகை எங்கிருந்து பிறக்கிறது? மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கும் பிரௌன் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தலைமையாசிரியை கோர்ட்னி அம்மையார் வாயைத் திறந்தால் எள்ளல். பிரெஞ்சுப் பெண் பக்கத்தில் உட்கார அடித்துக்கொள்ளும் இத்தாலியனும் கிரேக்கனும் இளமை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் அலி மடன். பேதைமை வகுப்புக்கே பொது. அலி இல்லாவிட்டாலும் நான்கும் 1986லும் குறைவில்லாமல் இருந்தன. எனில் சிரிப்பு ஏன் குறைந்தது? ஐந்தாவதாக ஒரு நிலைக்களன் உண்டு என்பதும், அது தொல்காப்பியர் காலத்தில் ரப்பர் தோட்டம் இல்லாமையால் விடுபட்டது என்பதும் எமது துணிபு.

4. களம்

இந்நாட்டு ரப்பருக்குக் கோலகங்சார் தாய்வீடு; 1877இல் வந்த கன்றுகளில் சில அங்கேதான் நடப்பட்டன. மரத்தோடு துரை வந்தார். துரையோடு மொழிச்சிக்கல் வந்தது. வேலைக்கு வரும் வெள்ளைக்கார இளைஞர்கள் தமிழ் படித்துத் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்த காலம் அது. தேறியவர்கள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அந்தத் தமிழைப் பேசினார்கள். "மளை இல்லே, பால் இல்லே, நீ வீட்லே தூங்குது!" என்பது மாதிரி.

இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் நிற்க வேண்டும். சிரித்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே மொத்தத் தோட்டமும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மலைக்கு ஏறும். தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளியோடு சேர்த்து அதையும் சுமந்து இறங்கும். ஸ்டோரில் பாலை நிறுத்து எடுத்துக்கொண்டார்கள். சிரிப்பை யாரும் நிறுக்கவில்லை. அது லயத்துக்குத் திரும்பி, செட்டியார் கடை வட்டிபோல் ஏறிக்கொண்டே இருந்தது.

எங்கள் தோட்ட மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இத்தொடர் ஓடும் இரவில் உட்கார இடம் இருக்காது. ஆங்கிலம் தெரிந்தவர் கிராணியாக இருந்த பெரியப்பா ஒருவர்தான். அவர் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் கூட்டம் சிரித்து முடித்திருக்கும். ஆங்கிலம் தெரியாத நாங்கள் ஆங்கிலம் தெரியாத அவர்களைப் பார்த்து எப்படிச் சிரித்தோம்? வேற்று மொழியில் ஒருவன் தடுக்கி விழுகிறான் என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. அது பெரட்டில் தினமும் பார்த்த காட்சி. இங்கே சிரித்தால் கூலி போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, ஐந்தாவது நிலைக்களன் அடக்கல்.

இனி வரலாற்றுச் சான்று. 1981 செப்டம்பர் 7 அன்று, மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் வெள்ளைக்காரர்களின் கத்ரி தோட்ட நிறுவனத்தை ஒரே காலைப்பொழுதில் வாங்கிப் போட்டது. வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு முன்பிருந்தே ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். தொடர் 1986இல் மறுபடி வந்தபோது பெரட்டில் தமிழைக் கொல்ல ஆள் இல்லை. முதல் இல்லாத இடத்தில் வட்டி எப்படி ஏறும்?

5. சோதனை

தோட்டம் செம்பனையாகி, செம்பனையும் தாமான் குடியிருப்பாகி, சனம் புந்தோங், சிம்மோர் என்று சிதறிய பின் எல்லாரும் கூடுவது தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் வீட்டில்தான். அன்று ஆய்வாளர் இரண்டு வட்டுகளை எடுத்துப் போனார். இரண்டும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கியவை. 1986 வட்டின்மேல் "பழசு" என்றும், 1977 வட்டின்மேல் "புதுசு" என்றும் மாற்றி எழுதினார். ஆய்வு நெறிக்கு இது அடுக்குமா என்று கேட்பவர்கள் அன்று பரிமாறிய ஆட்டிறைச்சிப் பிரட்டலைச் சாப்பிட்டிராதவர்கள்.

"பழசு" ஓடியது. "இதுதாண்டா அசல்! நடிப்புன்னா இது லா," என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். பிறகு "புதுசு" ஓடியது. ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: "பழைய மாதிரி இல்ல." ஒருமித்த தீர்ப்பு, தூங்கி எழுந்த சித்தப்பாவும் உடன்பட்டார். அத்தை மட்டும் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அலிகூடப் பழைய அலி மாதிரி இல்ல."

அலிக்கட்சி இத்துடன் வீழ்ந்தது.

6. முடிவு

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் இரண்டாவது வட்டு நடுவில் சிக்கி நின்றது. அந்த அமைதியில், 84 வயதுப் பெரியப்பா நாற்காலியைப் பிடித்து எழுந்து, இடுப்பில் கை வைத்து, இல்லாத தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெரட்டு எடுத்தார். "மளை இல்லே, பால் இல்லே, நீ வீட்லே தூங்குது!" விரல் நேராகச் சித்தப்பாவை நோக்கி நீண்டது. கூடம் அதிர்ந்தது. அத்தைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்படியே பழைய மாதிரியே இருக்குண்ணே," என்றார் அத்தை.

எழுவாய் தோன்றிவிட்டது: துரை.

அப்போது கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தங்கை மகன், பன்னிரண்டு வயது, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். தமிழில் கேட்க வேண்டும் என்று வண்டியில் வரும்போதே தங்கை சொல்லி வைத்திருப்பாள் போலும். தெளிவாகக் கேட்டான்:

"தாத்தா ஏன் சிரிக்குது?"

ஒருவரும் மூச்சு விடவில்லை. தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா முறுக்கை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். அத்தை அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. பெரியப்பா மட்டும், பழைய பழக்கம், நேராக நிமிர்ந்து நின்று, "ஒன்னுமில்லய்யா, சும்மா," என்றார்.

முதல் போடப்பட்டுவிட்டது. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. எப்போது முதிரும் என்பது மேலும் ஆய்வுக்குரியது.