பேன்சீப்பும் பீரங்கியும்: ஓர் ஆராய்ச்சி

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அறிஞர் பெருமக்கள் அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்துவிட்டார்கள். சிப்பாயின் முதுகுப்பையில் கிடந்த சீப்பை மட்டும் ஒருவரும் உரிய மரியாதையோடு ஆராயவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

முதலில் சில்லறைப் பொருட்கள். வடக்குப் படையில் 100 பேரின் ஒருநாள் படிக்கு 4 பவுண்டு சோப்பு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 18 கிராம்; உடம்பு, சட்டை, காலுறை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழிக்க முன்பல் தேவை என்று ஆளெடுக்கும்போதே வாயைத் திறக்கச் சொன்ன அரசு, பல் துலக்கப் பிரஷ் தரவில்லை. பன்றிமயிர் பிரஷைச் சிப்பாய்தான் காசு கொடுத்து வாங்கவேண்டும்.

தாடி அவரவர் விருப்பம், வைத்தால் குட்டையாகக் கத்தரித்திருக்க வேண்டும் என்றது 1861ஆம் ஆண்டு விதி. அதை எத்தனை தளபதிகள் படித்தார்கள் என்பதற்கு அவர்களுடைய புகைப்படங்களே சான்று. மோவாயை மழித்துக் கிருதாவை மீசையோடு இணைத்த வடக்குத் தளபதி பர்ன்சைடு, 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் தோற்றார். எதிரே வென்ற தெற்குத் தளபதி லீக்கோ முழுத்தாடி. இதிலிருந்து ஒரு விதி வகுக்க ஆசைதான். தோற்ற தாடிகளும் ஏராளம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இனி சீப்பு. கொம்பிலும் எலும்பிலும் செய்து வந்த பொருள் அது. ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கும் முறைக்கு நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றபின், கருப்பு ரப்பர் சீப்புகள் வந்தன. பேன்சீப்பின் நெருக்கமான பல்லில் ஈர்கூடச் சிக்கும். ஆனால் பாளையத்தை ஆண்டது தலைப்பேன் அல்ல, சீலைப்பேன். அது சட்டையின் தையல் மடிப்பில் குடியிருந்து அங்கேயே முட்டையிடும். எதிரி சட்டைக்குள் இருக்க, சீப்பைத் தலையில் காவல் வைத்தது இப்போரின் மாபெரும் உத்திப்பிழை என்பது என் துணிபு. ஒரே வழி துணியை அவிப்பது. முன்னாள் பீரங்கிப்படை வீரர் ஜான் பில்லிங்ஸ் 1887இல் வெளியிட்ட நூலின்படி, அவித்தது சமையல் கெட்டிலிலேயே. அடுத்த வேளை சூப்பின் சுவை தனி ஆய்வுக்குரியது. அதை மாணவர்களுக்கு விட்டுவைக்கிறேன்.

சீப்புக்குச் சாதகமாக ஒரு சான்றும் உண்டு. 1862 டிசம்பர் 31 அதிகாலையில் ஹேட்டரஸ் முனைக்கு அப்பால் மூழ்கிய இரும்புக் கப்பல் மானிட்டரின் பீரங்கிக் கோபுரத்தை 2002இல் தூக்கினார்கள். உள்ளே ரப்பர் சீப்பும் கிடைத்தது. கோபுரத்தின் இரும்பில் ஏறிய உப்பைப் போக்க, நியூபோர்ட் நியூஸ் அருங்காட்சியகத்தில் அதை ஆண்டுக்கணக்கில் தொட்டியில் ஊறவைக்க வேண்டியிருந்தது.