மத்தியஸ்தருக்கு முழுக்கை கூடாது

உத்திரமேரூரில் குடவோலை நாடகம் போடலாம் என்று யாராவது கிளம்பினால், வசனம் எழுதி முடிப்பதற்குள் டிரெஸ் வாடகைக் கடைக்காரர் வந்து நின்றுவிடுவார். அவரிடம் இல்லாதது இல்லை. சிவப்பு வெல்வெட், பச்சை வெல்வெட், ஜரிகை என்று அவர் மட்டும் சொல்லும் பிளாஸ்டிக் பட்டை, ஒட்டிய இடத்தைவிட உதிர்ந்த இடம் அதிகமாகத் தெரியும் சம்கி. "சோழர்தானே சார்? ராஜா செட் ஒண்ணு, மந்திரி செட் ரெண்டு, சேவகன் எத்தினி பேரு?" என்பார். அவர் கணக்கில் தமிழக வரலாறு மொத்தமும் மூன்றே அளவில் தைத்து முடித்தாகிவிட்டது. கரிகாலன், கர்ணன், கட்டபொம்மன் மூவருக்கும் ஒரே கோட்டு. கட்டபொம்மனுக்கு மட்டும் மீசை தனி வாடகை.

முதல் சிக்கல், இந்தக் கதையில் ராஜாவே வருவதில்லை. முதலாம் பராந்தகச் சோழர் தம் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், ஊர் வாரியங்களுக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுக்க ஆணை அனுப்பினார். அதோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரியை அனுப்பினார். தாம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து 921-இல் விதிகளைத் திருத்த வேண்டியிருந்தபோதும் சோமாசிப்பெருமான் என்று இன்னொருவரைத்தான் அனுப்பினார். ஈழத்தோடும் பாண்டியரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து ஏரி வாரியத் தேர்தலை நேரில் வந்து பார்க்க எங்கே நேரம்? ஆக ராஜா செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பணம் திரும்பாது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது சிக்கல் பெரியது. வந்து உட்கார்ந்த சபையாரில் எவரும் சட்டை போட்டிருக்கவில்லை.

இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆண் என்ன உடுத்தினான் என்று பார்க்கத் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் ஓவியம் இருக்கிறது. குடவோலை விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஏறத்தாழ 90 வருடம் பிந்தியது. ராஜராஜன் என்று அடையாளம் சொல்லப்படுகிறவரே அதில் மேலுக்குத் துணியில்லாமல்தான் குருவின் பின்னால் நிற்கிறார். இடையில் ஆடை, உடம்பில் நகை, தலையில் அள்ளிக் கட்டிய முடி, அவ்வளவுதான். அந்தச் சித்திரத்துக்கு நேர்ந்ததும் ஓர் உடைக் கதைதான். நாயக்கர் காலத்தில் அதன்மேல் சுண்ணம் பூசி வேறு படம் எழுதிவிட்டார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை சோழர்கள் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நாயக்கர் படத்துக்கு அடியில் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அவர்கள் உடம்பு முழுக்க மூடியிருந்தது அப்போது மட்டும்தான்.

தைத்த சட்டை தமிழருக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும், ரசிக்கவில்லை. சங்க நூலான முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் சட்டை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே அச்சம் வருகிற மாதிரிப் புலவர் சொல்கிறார். வெள்ளைக்கார வாட்ச்மேன் போட்டுக்கொள்ளும் சாமான் என்ற அளவில் அன்றைக்குச் சட்டைக்கு மரியாதை.

எனவே கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தை மேடையில் கட்டி, அதில் வேட்டி கட்டிய ஆட்களை உட்காரவைத்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. எத்தனை பேர் என்ற கணக்கும் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஊருக்கு 30 குடும்பு, அதாவது வார்டு, குடும்புக்கு ஒருவர், ஆக 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். முப்பது வேட்டி, முப்பது பூணூல், முப்பது குடுமி. குடுமிக்குத்தான் செலவாகும். முடி கொட்டாத நடிகர் முப்பது பேரை எந்த ஊரிலும் இன்று சேர்க்க முடியாது. வயது இன்னும் மோசம். 919-இல் முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என்றிருந்த தகுதியை 921-இல் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். காரணத்தைக் கல்லில் வெட்டவில்லை. சபையில் யாருக்கோ அறுபது முடிந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்படுவது என் கெட்ட புத்தி.

கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய சொந்தக்காரர்களும் ஆகாது, கள்ளக் கையெழுத்து ஆகாது, கழுதைமேல் ஏற்றப்பட்டவர் ஆகாது. இந்த விதிகளைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இவற்றில் சிலவற்றை எடுத்துச் சொன்னார். ஆனால் உடை தைக்கிறவர் கவனிக்க வேண்டிய விதி வேறொன்று, அதை யாரும் மேடையில் எடுத்துச் சொல்வதில்லை.

குடத்தில் ஓலைகளைப் போட்டாகிவிட்டது. நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு பாலகன் கையை விட்டு ஓலை எடுக்கிறான். அதைச் சபையின் நடுநிலை ஆளான மத்தியஸ்தர் வாங்க வேண்டும். எப்படி? ஐந்து விரலையும் நன்றாக விரித்து, உள்ளங்கையில். வாங்கி வாசித்தபின் அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். பதினோரு நூற்றாண்டுக்கு முன் உத்திரமேரூர்க்காரன் உத்திரமேரூர்க்காரனை எவ்வளவு நம்பினான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வாடகைக் கடைக்காரரின் மந்திரி செட்டோ முழுக்கை. மணிக்கட்டில் அகலமான ஜரிகைக் கரை வேறு. அதற்குள் ஒரு குடும்புக்கான ஓலைக்கட்டையே மறைத்துவிடலாம். அப்படி ஒரு மத்தியஸ்தர் மேடைக்கு வந்தால், 921-ஆம் ஆண்டுச் சபையார் ஆளைப் பிடித்து முதலில் கையைக் கிழித்திருப்பார்கள், சட்டைக் கையைத்தான்.

துணியைச் சந்தேகப்படும் வழக்கம் இந்தப் பக்கத்தில் அதைவிடப் பழசு. பராந்தகருக்கு முந்நூறு வருடம் முன்னால் காஞ்சியில் மகேந்திரவர்மப் பல்லவர் மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு சின்ன நாடகம் எழுதினார், சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும். கதை நடப்பதும் காஞ்சித் தெருவில்தான். கள் குடித்த காபாலிகன் ஒருவனுக்கு அவன் பிச்சை வாங்கும் மண்டையோடு காணாமல் போகிறது. அந்த வழியாக ஒரு பௌத்தத் துறவி வருகிறார், காவித் துணிக்குள் எதையோ மூடிக்கொண்டு. போதாதா? "உள்ளே என்னய்யா?" என்று பிடித்துக்கொள்கிறான் காபாலிகன். உள்ளே இருந்தது அவருடைய சொந்தப் பாத்திரம். மண்டையோட்டில் ஒட்டியிருந்த இறைச்சிக்காக அதை ஒரு நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. சண்டையில் காபாலிகனின் துணைவி தேவசோமை துறவியின் தலைமயிரைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலை. பிடி கிடைக்காமல் தரையில் விழுகிறாள். ஒப்பனைக்காரர் சரியாகச் சவரம் செய்துவிட்டாலே கிடைக்கும் சிரிப்பு இது.

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று மார்தட்டிக் கல்லில் வெட்டிய அரசர் இவர். நாடகத்துக்கும் அதே பட்ஜெட்தான் போட்டிருக்கிறார். சாம்பல், கந்தல், காவி, மொட்டை, மண்டையோடு. தையற்காரருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பல்லவ நாட்டின் கஜானாவே கையில் இருந்தும் இவ்வளவுதான். நாடகத்தின் தொடக்கத்திலேயே சூத்திரதாரன் இளையாளைக் கட்டியதற்காகக் கோபித்துக்கொண்ட மூத்த மனைவியைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறான். உடைக்கு எங்கே போவான்?

இந்த எளிமையெல்லாம் பிடிக்காமல் முதலில் கையில் உளி எடுத்தவர்கள் கூத்துக்காரர்கள். காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் வட்டாரத்தில் நடக்கும் கட்டைக்கூத்தில் ராஜா வேடத்துக்குத் தையற்காரரைவிடத் தச்சர் முக்கியம். கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டி, தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜகீர்த்தி, மார்புக்குப் பதக்கம். இந்த மர அணிகள்தான் கட்டை. இடுப்பில் துணி மேல் துணியாகச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, கீழே பாவாடை குடைபோல் விரிகிற அளவுக்குப் பெருக்கிவிடுவார்கள். துரியோதனன் எப்படி இருந்தான் என்று வரலாற்றைக் கேட்கிற சோலியே கிடையாது. மனிதன் அளவுக்கு இருந்தால் அவன் ராஜா இல்லை, இருட்டில் கடைசி வரிசையில் பாயில் சாய்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கோட்பாடு. கூத்து ராவெல்லாம் நடக்கும். பெட்ரோமாக்ஸ் காலத்தில் அந்தக் கண்ணாடித் துண்டுகள் வேலைசெய்த அளவுக்கு இன்றைய எல்.இ.டி.யில் செய்வதில்லை என்பது என் கட்சி.

கட்டை கட்டியவர் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. அதனால்தான் மேடையில் ஒரு பெஞ்சு. அதுவே சிம்மாசனம், அதுவே தேர், தேவைப்பட்டால் மலை. அவசரத்துக்கு ஒதுங்குவது பற்றிக் கேட்காதீர்கள். கௌரவர் நூறு பேரின் வீரத்தையும் சேர்த்து வைத்தாலும், விடிய விடியக் கயிற்றுக் கட்டோடு நிற்கிற ஒரு கூத்துக்காரரின் சிறுநீர்ப்பைக்கு ஈடாகாது.

துகிலுரிதல் அன்று மட்டும் கதை தலைகீழ். அன்றைக்கு நாடகமே துணியைப் பற்றியது. வழிவழியாகத் திரௌபதி வேடம் கட்டுவதும் ஆண்தான். சேலைமேல் கைவைக்கும் முன் சூடம் ஏற்றி அம்மனாக நினைத்துக் கும்பிட்டுவிட்டு, பிறகே துச்சாதனன் மானபங்கம் செய்கிற வழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் பகலில் தன்னோடு நாற்று நட்ட சித்தப்பாவாகக்கூட இருக்கலாம். வேடம் கட்டியாகிவிட்டது, இனி சித்தப்பா இல்லை.

இந்தக் கட்டைக்கூத்தைப் பெருங்காட்டூர்க் கூத்துப் பரம்பரையில் வந்த பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் சேர்ந்து புஞ்சரசந்தாங்கலில் குருகுலமாக நடத்தினார்கள், 2002 முதல் 2020 வரை. பெண்பிள்ளைகளும் அங்கே கட்டை கட்டினார்கள். ஆண் பெண்ணாகலாம், பெண் துரியோதனன் ஆகக்கூடாது என்ற பழைய நியாயத்துக்கு அங்கே வாய்ப்பூட்டு போட்டார்கள்.

சரி, வெல்வெட் எங்கிருந்து வந்தது? பம்பாயிலிருந்து, ரயிலில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பார்சி நாடகக் குழுக்கள் தெற்கே சுற்றின. அவர்கள் வைத்திருந்த திரைச்சீலையையும் பளபளப்பையும் நம் நாடகக் கம்பெனிகள் அப்படியே எடுத்துக்கொண்டன. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர்தான். படித்தவர்கள் மேடையேறலாம் என்று காட்டிய புண்ணியவான். அதன்பின் வந்த கம்பெனி ராஜபார்ட்டுகள் வெல்வெட் கோட்டும் முழங்கால்வரை காலுறையும் மாட்டிக்கொண்டு, அரிச்சந்திரனாகச் சுடுகாட்டில் நின்றார்கள். வெட்டியானுக்கு எதற்கு ஸ்டாக்கிங்ஸ் என்று எந்த ஊர்க்காரரும் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய ராஜராஜ சோழன் 1973-இல் சிவாஜி நடித்து, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது, மேடை ராஜாவின் தோரணைக்குப் போதுமான அகலமும் கிடைத்துவிட்டது. வெறும் மார்போடு ஓவியத்தில் நின்ற மனிதருக்கு அதற்குமேல் யார் சாட்சி சொல்வார்கள்?

இதில் எனக்குத் தீராத வயிற்றெரிச்சல் ஒன்றுதான். பட்டும் ஜரிகையும் நெய்து உலகத்துக்கே அனுப்பும் காஞ்சிபுரம் ஜில்லா இது. கோர்வை போட்டுக் கரையையும் உடலையும் இணைத்து நெய்யத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. இருந்தும் சோழர் வேடத்துக்கு எங்கோ மில்லில் ஓடிய வெல்வெட்டைத்தான் வாடகைக்கு எடுக்கிறோம். நெசவாளியின் மகனே சேவகன் செட் போட்டுக்கொண்டு ஈட்டியோடு நிற்கிறான், அக்குளில் தையல் பிரிந்து.

இன்றைய நாடகக்காரருக்கு என் யோசனை சுருக்கமானது. ஜவுளிக்கடையில் மொத்த விலைக்கு முப்பது பருத்தி வேட்டி வாங்குங்கள். புதுவெள்ளை போக டீத்தூளில் ஒருதரம் முக்கி எடுங்கள். நாடகம் முடிந்ததும் நடிகர்களுக்கே கொடுத்துவிடுங்கள், சம்பளப் பேச்சு கொஞ்சம் தணியும். மத்தியஸ்தருக்குக் கையில் மோதிரம்கூட வேண்டாம். மூவேந்தவேளானுக்குக் காதில் கடுக்கனும் கழுத்தில் ஒரு சங்கிலியும் போடலாம். அரசாங்க ஆள், ஒரு பந்தா வேண்டும்.

மிச்சம் ஒருவன்தான், குடத்தில் கைவிடும் பாலகன். அவனுக்கு ஓர் அரைத்துணியும் அரைஞாண்கயிறும் போதும். ஆனால் பாலகனுக்கு அம்மா இருக்கிறார். முதல் வரிசையில், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. "நாடகத்துக்கு நூறு பேரு வர்றாங்க, எங்க புள்ள மட்டும் அம்மணமா நிக்கணுமா? ஒரு கிரீடமாவது வைங்க சார்" என்பார். வாடகைக் கடைக்காரரிடம் குழந்தை அளவில் கிரீடம் இருக்காது. பெரியதையே காகிதம் மடித்து உள்ளே வைத்துப் பையன் தலையில் ஏற்றுவார். அவன் குனிந்து குடத்துக்குள் கையை விடும்போது கிரீடமும் கூடவே உள்ளே போகும். அப்படிப் போனால் ஓலை எடுத்தது செல்லுமா, செல்லாதா என்பதற்கு 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் விதி இல்லை, 921-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இல்லை.